சம்பளத்தைக் கூட்டினால் புதுக்கோட்டைக்கு மனநல மருத்துவர் வருவாரா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

நம்ம தலைமுறை ஒருத்தருக்கு ஒருத்தர் அதிகமா கொடுக்கிற அட்வைஸ் எதுன்னு கேட்டா, "ஒரு நல்ல தெரபிஸ்ட்டைப் பாரு" என்பதாகத்தான் இருக்கும். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருந்தால் இது நடக்கிற காரியம். ஃபோனை எடுத்தோம், ஸ்லாட் புக் பண்ணினோம், ஆயிரமோ ரெண்டாயிரமோ கட்டினோம், முடிஞ்சுது. இதே அட்வைஸை பொன்னமராவதியிலோ மணமேல்குடியிலோ இருக்கிற உங்க சித்தி பையனுக்குச் சொல்லிப் பாருங்க. "சரி, எங்கே போறது?"ன்னு அவன் கேட்பான். அந்தக் கேள்விக்கு நம்மகிட்ட பதில் இருக்கா?

இந்த எபிசோடு அந்தக் கேள்வியைப் பற்றித்தான். அரசு மருத்துவமனைகளுக்கு மனநல மருத்துவர்களும் தெரபிஸ்ட்டுகளும் ஏன் கஷ்டப்பட்டுத்தான் கிடைக்கிறார்கள்? சம்பளத்தைக் கூட்டினால் வருவார்களா? யாருக்கு, எவ்வளவு கூட்டணும்? புதுக்கோட்டை மாவட்டத்தை வைத்துப் பார்க்கலாம். காரணம் இருக்கு. இந்தப் பிரச்சினைக்கு ஒரு வித்தியாசமான தீர்வை ஏற்கெனவே முயற்சி செய்து பார்த்த மாவட்டம் அது.

முதலில் கணக்கு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுக்கோட்டை மாவட்டத்தில் 16 லட்சத்து 18 ஆயிரம் பேர். ஒரு லட்சம் பேருக்குக் குறைந்தது 3 மனநல மருத்துவர்கள் இருந்தால் நல்லது என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. அப்படிப் பார்த்தால் மாவட்டத்துக்கு 48 பேர் வேணும். இந்தியாவில் மொத்தமே சுமார் 9,000 மனநல மருத்துவர்கள்தான் இருக்கிறார்கள், அதாவது லட்சம் பேருக்கு 0.75 என்று 2019-ல் வெளிவந்த ஒரு கணக்கு சொல்கிறது. அந்த சராசரி அப்படியே புதுக்கோட்டைக்குக் கிடைத்தாலும் 12 பேர்தான். ஆனா சராசரி எங்கேயும் அப்படியே கிடைக்காது. பெரும்பாலானவர்கள் பெருநகரங்களில் இருக்கிறார்கள்.

சரி, சிகிச்சை தேவைப்படுகிறவர்கள்? பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு 2015-16-ல் 12 மாநிலங்களில் நடந்தது. தமிழ்நாடும் அதில் ஒன்று. வயது வந்தவர்களில் 100-க்கு 10 பேருக்கும் சற்று அதிகமானவர்களுக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. அவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்கள் எத்தனை பேர் தெரியுமா? நோயைப் பொறுத்து, 100-க்கு 70 முதல் 92 பேர் வரை.

புதுக்கோட்டையில் எதுவுமே இல்லைன்னு சொல்லலை. 2017-ல் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கு. வீடில்லாமல் தெருவில் திரிகிற மனநோயாளிகளை மீட்டுச் சிகிச்சை கொடுக்க, தமிழக அரசு தி பேன்யன் அமைப்போடு சேர்ந்து தொடங்கிய அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களில், முதல் கட்டத்திலேயே இடம்பிடித்த மாவட்டம் அது. கேள்வி, இதையெல்லாம் நடத்துகிற ஆட்கள் எத்தனை பேர், எவ்வளவு நாள் அங்கேயே இருப்பார்கள் என்பதுதான்.

ஒரு மாவட்டம், ஒரு குழு

மாவட்ட மனநலத் திட்டம் 1996-97-ல் நாட்டில் 4 மாவட்டங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டிலிருந்து தேர்வானது பக்கத்து மாவட்டமான திருச்சி. பிறகு 2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்து எரிந்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. குடும்பங்கள் ஏன் தங்கள் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள் என்ற கேள்விக்கு ஒரு பதில் ரொம்ப சாதாரணமானது: பக்கத்தில் வேற எதுவும் இல்லை. அதன் பிறகுதான் இந்தத் திட்டம் தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களுக்குப் படிப்படியாக விரிந்தது.

திட்டப்படி ஒரு மாவட்டக் குழுவில் ஒரு மனநல மருத்துவர், ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ஒரு மனநல சமூகப் பணியாளர், செவிலியர், இன்னும் சில பணியாளர்கள். மருத்துவர் மாவட்டத் தலைநகரில் உட்கார்ந்திருக்கக் கூடாது, தாலுகா மருத்துவமனைகளுக்குப் போகணும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 12 வட்டங்கள். வாரத்துக்கு 6 வேலை நாள். ஒரு மருத்துவர் ஒரு நாள் கூட லீவு போடாமல், மீட்டிங் எதுவும் இல்லாமல், நாளுக்கு ஒரு வட்டம் போனால் அறந்தாங்கிக்கு அவர் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான் வர முடியும்.

தெரபி கதை இன்னும் சிக்கல். மாத்திரை எழுதிக் கொடுக்க 10 நிமிஷம் போதும்னு வச்சுக்கலாம். தெரபி ஒரு செஷன் முக்கால் மணி நேரம். ஒரு சைக்காலஜிஸ்ட் நாளைக்கு 6 செஷன், மாதம் 25 நாள் வேலை பார்த்தால் 150 செஷன். ஒருத்தருக்கு வாரம் ஒரு செஷன்னா, அவரால் ஒரே நேரத்தில் 37 பேரைத்தான் கவனிக்க முடியும். மாவட்டத்தில் 16 லட்சம் பேர்!

பஸ் வந்த கதை

இந்த மாதிரி நிலைமையில்தான் 2010-ல் புதுக்கோட்டையில் ஒரு பஸ் ஓட ஆரம்பித்தது. சென்னையைச் சேர்ந்த ஸ்கார்ஃப் அமைப்பு ஓட்டிய பஸ். ஸ்கார்ஃபைத் தொடங்கியவர் டாக்டர் எம். சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தவர். 1984-ல் ஸ்கார்ஃபை ஆரம்பித்தார்.

பஸ்ஸுக்குள் ரெண்டு பகுதி. ஒன்றில் திரையும் கேமராவும் வைத்த கன்சல்டேஷன் அறை. இன்னொன்றில் மருந்தகம். ஊர் நடுவில் பஸ் வந்து நிற்கும். நோயாளியும் வீட்டுக்காரர்களும் உள்ளே உட்காருவார்கள். கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் தள்ளி, சென்னையில் இருக்கிற மனநல மருத்துவர் திரையில் பேசுவார். மருந்துச் சீட்டு அங்கேயே வரும், மருந்தும் அங்கேயே இலவசமாகக் கிடைக்கும். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களுக்கு இந்தச் சேவை போனது. ஜூம், கூகுள் மீட் எல்லாம் நம்ம வீட்டுக்குள் வருவதற்குப் பத்து வருஷம் முன்னாடி!

இதைக் கேட்டதும், "அப்போ பிரச்சினை தீர்ந்துச்சே? டாக்டர் சென்னையிலேயே இருக்கட்டும், வீடியோ கால் போதுமே, எதுக்குச் சம்பளம் கூட்டணும்?"னு தோணும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோணுச்சு.

ஆனா அந்த பஸ் எதனால் ஓடுச்சுன்னு பாருங்க. எந்த வீட்டில் யாருக்குப் பிரச்சினைன்னு கண்டுபிடித்து, "ஒரு தடவை வந்து காட்டுங்க"ன்னு சொல்ல உள்ளூர்ப் பணியாளர்கள் இருந்தார்கள். அடுத்த தடவை வராதவர் வீட்டுக்குப் போய் ஏன் வரலைன்னு கேட்டதும், மாத்திரையை நிறுத்திட்டாரான்னு பார்த்ததும் அவர்கள்தான். ஸ்கிசோஃப்ரீனியா மாதிரி நோயில் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் பழைய நிலைமை திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். மருத்துவரைத் திரையில் கொண்டுவரலாம். கதவைத் தட்டுகிற ஆளைத் திரையில் கொண்டுவர முடியாது.

ஆக, மருத்துவருக்கு மட்டும் சம்பளம் கூட்டுவது பாதி வேலைதான். மீதிப் பாதி அந்தக் கதவைத் தட்டுகிறவருக்கும் எதிரே உட்கார்ந்து கேட்கிறவருக்கும் என்ன கொடுக்கிறோம் என்பதில் இருக்கு.

யாருக்கு என்ன சம்பளம்?

மருத்துவரில் இருந்து ஆரம்பிப்போம். எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருஷம், எம்.டி. சைக்கியாட்ரி 3 வருஷம். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி., உதவி மருத்துவரை எடுக்கும்போது அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது. மேற்படிப்புக்குத் தனியா ஒரு படி உண்டு. ஆனா ஊதிய விகிதம் ஒன்றுதான். ஆளே கிடைக்காத துறைக்கும் ஆள் நிறைய இருக்கிற துறைக்கும், சென்னைக்கும் ஆவுடையார்கோவிலுக்கும் ஒரே விகிதம்.

தாளில் சமமாகத் தெரியுது, இல்லையா? நிஜத்தில் அப்படி இல்லை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவர்கள் பணி நேரம் முடிந்த பிறகு தனியாக கிளினிக் நடத்தலாம். மதுரையிலோ திருச்சியிலோ இருக்கிற மனநல மருத்துவருக்கு மாலை கிளினிக்கில் கூட்டம் இருக்கும். சின்ன ஊரில் மனநல கிளினிக் வாசலில் நிற்கவே மக்கள் தயங்குவார்கள், அக்கம்பக்கத்தில் யார் பார்ப்பாங்களோன்னு. அதனால் ஒரே அரசுச் சம்பளம் என்றாலும் சின்ன ஊருக்குப் போகிறவருக்கு மொத்த வருமானம் குறைகிறது. அவரை "சேவை மனப்பான்மை இல்லை"ன்னு திட்டுவது சுலபம். ஆனால் அப்படி ஒரு கட்டமைப்பை வைத்திருப்பது நாம்தான்.

பதவி உயர்வுச் சம்பளம் இன்னொரு புண். 2009-ல் வந்த அரசாணை 354-ஐ மறுபரிசீலனை செய்து, குறிப்பிட்ட ஆண்டுகளில் தானாகவே சம்பளம் உயர வேண்டும் என்று அரசு மருத்துவர்கள் வருஷக்கணக்காகக் கேட்கிறார்கள். மத்திய அரசு மருத்துவருக்கு 13 வருஷத்தில் கிடைக்கிற ஊதியக் கட்டம் இங்கே 20 வருஷம் கழித்துத்தான் வருகிறது என்பது சங்கங்களின் வாதம். 2019 அக்டோபர் கடைசியில் தமிழகம் முழுக்க ஒரு வாரம் வேலைநிறுத்தம் நடந்ததே, அதன் முக்கியக் கோரிக்கைகளில் இதுவும் ஒன்று.

இப்போ சைக்காலஜிஸ்ட், சமூகப் பணியாளர். முறைப்படி கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக, பட்டம், முதுநிலை, அதுக்கு மேல இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த 2 வருஷ எம்.ஃபில். என்பதுதான் இதுவரை இருந்த பாதை. மொத்தம் 7 வருஷம். சீட்டும் ரொம்பக் குறைவு. இவ்வளவு படித்தவருக்கு மாவட்டத் திட்டத்தில் கிடைப்பது, பெரும்பாலும் 11 மாத ஒப்பந்தத்தில் ஒரு தொகுப்பூதியம். ஓய்வூதியம் கிடையாது, பதவி உயர்வு கிடையாது. நகரத்தில் ஒரு ஆன்லைன் தெரபி கம்பெனி கூப்பிட்டால் அவர் போகத்தான் செய்வார்.

அவர் போனால் என்ன ஆகும்? கஜா புயல் 2018 நவம்பரில் இந்த மாவட்டத்தின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. அப்படி எல்லாத்தையும் இழந்த ஒரு விவசாயி, மூணு நாலு செஷனுக்குப் பிறகுதான் வாயைத் திறந்து, "சாகணும்னு நினைச்சேங்க"ன்னு சொல்லியிருப்பார்னு வச்சுக்கங்க. அடுத்த மாதம் வந்தால் நாற்காலியில் வேற ஆள், இல்லைன்னா யாருமே இல்லை. அவர் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிப்பாரா? நிறைய பேர் திரும்ப வரவே மாட்டார்கள். தெரபியில் பாதி மருந்து, எதிரில் இருக்கிறவர் மேல் வரும் நம்பிக்கை. 11 மாத காண்ட்ராக்ட் அதைத்தான் முதலில் உடைக்கிறது.

சம்பளம் கூட்டினால் உண்மையிலேயே வேலை செய்யுமா?

நேர்மையான பதில்: செய்யும், ஆனா அது மட்டும் போதாது.

கூட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியா ஒரு உதாரணம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2025 ஜனவரியில் அரசு மனநல மருத்துவர்கள் சுமார் 200 பேர் ஒரே நேரத்தில் ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள். 25 சதவீத ஊதிய உயர்வு கேட்டார்கள். அரசு பணம் இல்லைன்னு சொன்னது. ஆனா காலி இடங்களை நிரப்ப, நிரந்தர மருத்துவரை விட அதிகமான தினக்கூலிக்குத் தற்காலிக மருத்துவர்களைக் கூப்பிட வேண்டியிருந்தது. சம்பளத்தை உயர்த்தாததால் மிச்சமான பணம் வேறு வழியில் வெளியே போச்சு.

நம்ம நாட்டிலும் தேசிய சுகாதார இயக்கம் ஒரு வழி வச்சிருக்கு. கிடைக்காத நிபுணர்களிடம் "உங்களுக்கு எவ்வளவு வேணும்னு நீங்களே சொல்லுங்க, நாங்க தர்றோம்" என்று பேசி ஆள் எடுக்க மாநிலங்களுக்கு அனுமதி உண்டு. இதில் ஒரு சிக்கல். நாட்டிலேயே 9,000 பேர்தான் என்றால், புதுக்கோட்டை கூடுதலாகக் கொடுத்து இழுக்கிறவர் சிவகங்கையிலிருந்தோ அரியலூரிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். ஒரு ஓட்டையை அடைத்து இன்னொன்றைத் திறந்த மாதிரி.

அதனால் ஆட்களின் எண்ணிக்கையும் கூடணும். இதில் தமிழ்நாட்டுக்கே ஒரு நல்ல அனுபவம் இருக்கு. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இளம் மருத்துவர்கள் வேலை செய்ததற்கு ஒரு பெரிய காரணம், அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் கிடைத்த 50 சதவீத ஒதுக்கீடு. எட்டாத ஊரில் வேலை பார்த்தால் கூடுதல் மதிப்பெண். இடையில் அந்த ஒதுக்கீட்டுக்குச் சிக்கல் வந்து, 2020 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்றம் மாநிலத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்று தீர்ப்பு சொன்னது. கையில் வரும் பணத்தோடு, எதிர்காலத்துக்கு ஒரு பாதையும் தெரிந்தால் ஆட்கள் வருவார்கள் என்பதற்கு இது உள்ளூர் சாட்சி.

இலங்கை வேற வழியில் போனது. 2004 சுனாமிக்குப் பிறகு, மனநல நிபுணர்கள் போதாததால், சாதாரண மருத்துவ அதிகாரிகளுக்கு மனநலப் பயிற்சி கொடுத்து மாவட்டங்களுக்கு அனுப்புவதை வேகப்படுத்தினார்கள். அவர்களுக்கென்றே தனிப் பதவியும் உருவானது. நிபுணர் வரும்வரை ஊர் காத்திருக்கவில்லை.

எவ்வளவு செலவாகும்?

மத்திய அரசின் திட்டப்படி, மாவட்ட மனநலத் திட்டத்துக்கு ஒரு மாவட்டத்துக்கு ஒரு வருஷத்துக்கு அதிகபட்சம் 83 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். குழுவின் சம்பளம், மருந்து, பயிற்சி, விழிப்புணர்வு எல்லாம் இதற்குள். மருத்துவக் கல்லூரி மருத்துவர்களின் சம்பளம் தனி, அதை மாநில அரசு கொடுக்குது.

இந்த 83 லட்சத்தை 16 லட்சத்து 18 ஆயிரம் பேரால் வகுத்துப் பாருங்க. ஆளுக்கு வருஷத்துக்கு 5 ரூபாய் 14 பைசா. ஒரு டீ குடிக்கப் போதாது.

இப்போ கூட்டிப் பார்ப்போம். சைக்காலஜிஸ்ட், சமூகப் பணியாளர் ரெண்டு பேருக்கும் மாதம் தலா 25,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறோம்னு வச்சுக்கலாம். வருஷத்துக்கு 6 லட்சம். ஆளுக்கு 37 பைசா. மனநல மருத்துவருக்கு, இந்த மாவட்டத்தில் இருப்பதற்காகவே மாதம் ஒரு லட்சம் சிறப்புப் படி. வருஷத்துக்கு 12 லட்சம். ஆளுக்கு 74 பைசா. ரெண்டும் சேர்ந்து 1 ரூபாய் 11 பைசா. ஒவ்வொரு பதவியையும் ரெண்டாக்கி, அத்தனை பேருக்கும் இந்த உயர்வைக் கொடுத்தாலும் அரசு தாங்க முடியாத தொகை ஆகாது.

வரிசை என்னவா இருக்கணும்னு கேட்டா, என் கருத்து இது. முதலில், சைக்காலஜிஸ்ட்டையும் சமூகப் பணியாளரையும் காலமுறை ஊதியத்தில் நிரந்தரமாக்கணும். செலவு குறைவு, பலன் உடனே தெரியும், அதோட உள்ளூர்ப் பிள்ளைகள் இந்தப் படிப்புக்கு வர ஒரு காரணம் கிடைக்கும். ரெண்டாவது, மனநல மருத்துவருக்கு ஊரைப் பொறுத்த சிறப்புப் படி, கூடவே மேற்படிப்பு, இடமாற்றம் பற்றித் தெளிவான வாக்குறுதி. மூன்றாவது, வீடியோ வழி சிகிச்சையை இந்த ஆட்களுக்குத் துணையாக வைக்கணும், அவர்களுக்குப் பதிலாக வைக்கக் கூடாது.

2028-க்குள்

இது வெறும் ஆசை இல்லை, சட்டமும் இருக்கு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, அமலுக்கு வந்தது 2018 மே 29. அதன் 18-ஆம் பிரிவு, அரசு நடத்துகிற அல்லது அரசு நிதியில் நடக்கிற மனநல சிகிச்சை ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. 31-ஆம் பிரிவு, மனநலப் பணியாளர்களின் எண்ணிக்கையைச் சர்வதேச அளவுக்குக் கொண்டுவர 10 வருஷத்துக்குள் முயற்சி எடுக்கணும்னு அரசுக்குச் சொல்லுது. அந்தப் 10 வருஷம் 2028 மே மாதத்தோடு முடியுது.

நீங்க செய்யக்கூடிய ஒரு விஷயம் இருக்கு. உங்க சொந்த மாவட்டம் எதுவோ, அங்கே மாவட்ட மனநலத் திட்டத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, அதில் நிரப்பப்பட்டவை எத்தனை, கடந்த மூன்று வருஷத்தில் எத்தனை பேர் விட்டுப் போனார்கள், இந்த மூணு கேள்வியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்க. மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். உங்க எம்.எல்.ஏ. ஓட்டு கேட்க வரும்போது அந்தப் பதிலைக் கையில் வச்சுக்கிட்டுப் பேசலாம்.

கடைசியா ஒன்று. இதைக் கேட்கும்போது உங்களுக்கோ உங்க வீட்டில் யாருக்கோ கஷ்டமா இருந்தால், 14416-க்குக் கூப்பிடுங்க. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். சாகணும்னு யாராவது சொன்னால் அதை விளையாட்டா எடுத்துக்காதீங்க. கூடவே இருங்க, பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போங்க.

உங்க ஊர் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் எந்தெந்த நாளில் வர்றார்னு விசாரிச்சு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் பேசலாம்.